எம்.பி.எச் (பொதுச் சுகாதார முதுகலை) முடித்தவர்களுக்கு அரசில் இடம் எங்கே? பல்கலைக்கழகமும் சுகாதாரத் துறையும் சேர்ந்து ஆள் உருவாக்குவது பற்றிப் பேசலாமா?

கயல்_விழுப்புரம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எம்.பி.எச் முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. படித்த இடத்தின் பெயர் வேண்டாம். சேரும்போது கொடுத்த கையேட்டில், அரசு சுகாதாரத் துறையோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் இருக்கிறது, களப்பயிற்சி அங்கேதான் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அப்பாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் சம்மதம் வாங்கினேன்.

களப்பயிற்சி ஆறு வாரம். ஒரு மாவட்ட அலுவலகத்தில் மேசை கொடுத்தார்கள். காலையில் ஒரு கட்டு படிவம் வரும், மாலைக்குள் எக்செல்லில் ஏற்ற வேண்டும். ஆறு வாரத்தில் ஊர்ப் பக்கம் போனது இரண்டே நாள். கடைசி நாளில் சான்றிதழில் கையெழுத்துப் போட்ட அதிகாரி "எந்தக் காலேஜ்மா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. என்னை எதற்காக அனுப்பினார்கள் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை.

இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆறு மாத ஒப்பந்தத்தில் இருக்கிறேன். என்னோடு படித்தவர்களில் சிலர் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களில் கோப்பு பார்க்கிறார்கள். பொதுச் சுகாதாரத்தில் ஆள் பற்றாக்குறை என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள், படித்துவிட்டு நாங்கள் வெளியே நிற்கிறோம். இந்தக் கூட்டு எங்காவது ஒழுங்காக நடந்திருக்கிறதா? எப்படி நடந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற_நகர்நல_அலுவலர்

கயல் அம்மா, ஒழுங்காக நடந்த இடம் நம் ஊரிலேயே இருக்கிறது. நான் அதில் வளர்ந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனித் துறை வந்து நூறு வருடம் தாண்டிவிட்டது. 1939இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது, இந்தியாவிலேயே முதலாவது. பல மாநிலங்களில் மருத்துவமனையைப் பார்க்கிறவர்களே கொசுவையும் குடிநீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். இங்கே அதற்குத் தனி இயக்குநரகம், தனிப் பணி வரிசை. அந்த வரிசையில் மேலே போக எம்.பி.பி.எஸ் மட்டும் போதாது, டி.பி.எச் (பொதுச் சுகாதாரப் பட்டயம்) வேண்டும்.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராகச் சேர்ந்தேன். சில வருடம் கழித்து, பணியில் இருப்பவர்களுக்கான ஒதுக்கீட்டில் அரசு மருத்துவக் கல்லூரியில் டி.பி.எச். சேர்ந்தேன். படிக்கும்போது சம்பளம் வந்தது. முடித்துத் திரும்பியபோது வேலை தயாராக இருந்தது: முதலில் நகர்நல அலுவலர், பிறகு துணை இயக்குநர். இடம் கொடுத்தது கல்லூரி, ஆளையும் வேலையையும் கொடுத்தது அரசு. எங்கள் காலத்தில் யாரும் இதை ஒப்பந்தம் என்று சொன்னதில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். தொண்ணூறுகளில் ஒரு நகராட்சியில் இருந்தேன். ஒரே வாரத்தில் இரண்டு வார்டுகளில் வயிற்றுப்போக்கு. என் பேராசிரியருக்கு போன் போட்டேன், மறுநாள் காலை ஜீப்பில் மூன்று முதுகலை மாணவர்களோடு வந்துவிட்டார். நகராட்சி வரைபடத்தை மேசையில் விரித்து, நோயாளி வீடு ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்தோம். புள்ளிகள் தெருப்படி போகவில்லை. இரண்டு தெருவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கோடாக ஓடின. எங்கள் சுகாதார ஆய்வாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது பழைய பைப் லைன் போற வழி" என்றார்.

நேரே அங்கே போனோம். அழுத்தம் குறைவு என்பதால் வீட்டு வாசலில் பள்ளம் தோண்டி, குழாயைத் தாழ்த்தி வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே சாக்கடை. குளோரோஸ்கோப்பில் தண்ணீர் எடுத்து ஓ.டி. கரைசலைச் சொட்டினோம். குளோரின் இருந்தால் மஞ்சள் ஏற வேண்டும். ஒரு துளி நிறம்கூட ஏறவில்லை. அன்று மாலையே அந்த லைனை அடைத்து லாரித் தண்ணீர் விட்டோம்.

அந்த மூன்று மாணவர்களும் அந்த ஒரு நாளில் கற்றதை எந்த வகுப்பிலும் கற்றிருக்க மாட்டார்கள். எனக்கும் பேராசிரியர் கூட நின்றது பெரிய தைரியம், லைனை அடைக்கச் சொன்னால் நகராட்சியில் எதிர்ப்பு வரும் இல்லையா.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். இந்த வரிசையின் வாசல் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு. சுகாதார ஆய்வாளர்களுக்குத் தனி வாசல் இருக்கிறது, காந்திகிராமத்திலும் பூந்தமல்லியிலும் பயிற்சி எடுத்து வருவார்கள். மருத்துவர் அல்லாத எம்.பி.எச்.காரர்களுக்கு இந்த நிரந்தர வரிசையில் வாசல் வைக்கவில்லை. அது குறைதான்.

---

களத்_தொற்றியல்

ஐயா சொன்னதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். நான் சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தில் எஃப்.இ.டி.பி. (களத் தொற்றுநோயியல் பயிற்சி) முடித்தவன். இந்த இழையில் பேசவேண்டிய கூட்டு அதுதான் என்பது என் கருத்து.

2001இல் தொடங்கிய இரண்டு வருடப் படிப்பு அது. பயிற்சி தருவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் இந்த நிறுவனம். பட்டம் தருவது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், 1997இல் இந்தியாவின் முதல் எம்.பி.எச். தொடங்கிய அதே இடம். ஆளை அனுப்புவது மாநில அரசு. வகுப்புக்காக அயப்பாக்கத்தில் இருப்பது கொஞ்ச காலம், மீதியெல்லாம் நம் சொந்த மாவட்டத்தில்.

வீட்டுப்பாடம் என்பது நம் அன்றாட வேலையேதான். மாவட்டத்தின் நோய்க் கண்காணிப்பு எப்படி நடக்கிறது என்று மதிப்பிட வேண்டும். கொள்ளைநோய் வந்தால் நாமே விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். நான் ஒரு காமாலை பரவலை விசாரித்து, எழுபது பேருக்கு வந்திருக்கிறது என்று பெருமையாக எழுதி அனுப்பினேன். இரவு ஒன்பது மணிக்கு வழிகாட்டி போன் செய்தார். "எழுபது சரி, எத்தனை பேரில் எழுபது?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். மறுநாள் ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து தெருவாரியாக ஆள் கணக்கு எடுத்தேன். வகுத்துப் பார்த்தால், அதிகம் பேர் படுத்திருந்த பெரிய தெருவைவிட, பதினைந்து வீடு மட்டும் இருந்த காலனியில்தான் விகிதம் அதிகம். தொட்டியும் அங்கேதான் உடைந்திருந்தது. பெரிய தெருவோடு நின்றிருந்தால் அந்தக் காலனியை விட்டிருப்பேன்.

இந்த முறை புதிதல்ல. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 1951இல் தொடங்கிய நோய்ப் புலனாய்வுப் பணிதான் மூலம். 1980இல் தாய்லாந்து எடுத்துக்கொண்டது, பிறகு பல நாடுகள். டெல்லியில் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமான என்.சி.டி.சி.யும் 2012 முதல் இதே வகைப் பயிற்சி தருகிறது. இரண்டு லட்சம் பேருக்கு ஒரு களத் தொற்றியலாளராவது வேண்டும் என்பது உலக அளவில் சொல்லப்படும் இலக்கு. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டு மக்கள் தொகை 7.2 கோடி. அப்படியானால் நமக்கு 360 பேர் வேண்டும். இரண்டு வருடப் படிப்பு மட்டும் வைத்து அந்த எண்ணிக்கையை எட்ட முடியாது, அதனால்தான் மூன்று மாதப் பயிற்சி, ஒரு வருடத்துக்குக் குறைவான இடைநிலைப் பயிற்சி என்று அடுக்கடுக்காக வைத்திருக்கிறார்கள்.

---

வி_எச்_என்_மலர்

எல்லோரும் டாக்டர் பயிற்சி பற்றியே பேசுகிறீர்கள். நான் திருவண்ணாமலைப் பக்கம் கிராமச் சுகாதாரச் செவிலியர், இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு, என் எல்லையில் தலை அதைவிட அதிகம். தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, பிக்மி என்ற அரசு இணையப் பதிவில் ஏற்றுவது, சர்க்கரை, பிரஷர், இப்போது எல்லாம் எங்கள் தலையில்தான் வந்து இறங்குகிறது.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மாணவர்கள் வருவார்கள். நல்ல பிள்ளைகள்தான். படிவம் நீட்டுவார்கள், என் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுப்பார்கள், வீடு வீடாகக் கூட்டிப் போவேன், மத்தியானச் சாப்பாட்டை அவர்களோடு பங்கு போட்டுக்கொள்வேன். அப்புறம் அவ்வளவுதான். என் ஊர் பற்றி என்ன கண்டுபிடித்தார்கள் என்று திரும்பி வந்து சொன்னவர் இத்தனை வருடத்தில் ஒரே ஒருவர். அந்தப் பையன் ஒரு சார்ட் பேப்பரில் வரைந்து துணை சுகாதார நிலையச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனான். ஆறு வருடம் ஆச்சு, இன்னும் இருக்கிறது.

பெரிய நிறுவனத்தார் எங்களை மதித்துச் செய்த வேலையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2022இல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்தது. அயப்பாக்கத்து நிறுவனமும் மாநில அரசும் சேர்ந்து 30 மாவட்டங்களில் தொடங்கியது. காசநோய் என்று தெரிந்ததும், யாருக்கு உயிராபத்து அதிகம் என்று அன்றைக்கே பிரிக்க வேண்டும். இதற்கு ஸ்கேன் வேண்டாம், லேப் வேண்டாம். எடையும் உயரமும் எடுத்து ஆள் எவ்வளவு மெலிந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்கிறாரா? நிமிடத்துக்கு மூச்சு 24க்கு மேல் போகிறதா? விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94க்குக் கீழா? அவ்வளவுதான்.

எங்கள் பி.எச்.சி.க்கு (ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு) ஒரு கல் உடைக்கிற அண்ணன் வந்தார். "நான் நல்லாத்தான் இருக்கேன், மாத்திரை கொடுங்க போறேன்" என்று சொன்னார். பெஞ்சிலிருந்து எழச் சொன்னால் இரண்டு கையாலும் சுவரைப் பிடிக்கிறார். முந்தைய காலமாக இருந்தால் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பியிருப்போம். அன்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பிழைத்துக்கொண்டார். ஆராய்ச்சிக்காரர்கள் எங்கள் கை எட்டும் தூரத்தில் ஒரு கருவியைச் செய்து கொடுத்தால் நாங்கள் செய்வோம். அதை எப்படிச் செய்வது என்று எங்களையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

---

சமூகமருத்துவ_ஆசிரியை

மலர் அக்கா சொன்னதைப் படித்துவிட்டு நேற்று இரவு சரியாகத் தூங்கவில்லை. நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத் துறையில் இருக்கிறேன். உங்கள் பதிவேட்டைப் போட்டோ எடுக்கச் சொல்லி மாணவர்களை அனுப்புகிறவர்களில் நானும் ஒருத்தி.

ஏன் திரும்பி வருவதில்லை என்று நேர்மையாகச் சொல்கிறேன். மாணவர் படிப்பு முடிந்து போய்விடுகிறார், ஆய்வேடு நூலகத்துக்குப் போகிறது. என் பதவி உயர்வுக்கு எத்தனை கட்டுரை வெளிவந்தது என்பது கணக்கு. எந்த வட்டாரத்துக்கு என்ன சொன்னேன் என்று எந்தப் படிவத்திலும் கேட்பதில்லை. இது மாறாமல் எத்தனை ஒப்பந்தம் போட்டாலும் மலர் அக்காவின் சுவர் காலியாகத்தான் இருக்கும்.

வாய்ப்புகள் இப்போது முன்பைவிட அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். 2021 முதல் சேரும் முதுகலை மாணவர்கள் எல்லோரும், எந்தத் துறையானாலும், மூன்று மாதம் மாவட்டச் சுகாதார அமைப்பில் வேலை செய்ய வேண்டும் என்று விதி. எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குக் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம்: சேர்ந்த வருடமே சில குடும்பங்களை எடுத்து, படிப்பு முழுக்கத் தொடர்ந்து பார்க்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பில், மூன்று மாதத்துக்கு வரும் முதுகலை மாணவரை ஆள் இல்லாத ஓ.பி.யில் (புறநோயாளிப் பிரிவில்) உட்காரவைத்துவிடுகிறார்கள். மாவட்டத்துக்கு அது அவசரத் தேவை, குறை சொல்ல முடியவில்லை. ஆனால் மாவட்டம் எப்படி இயங்குகிறது என்று அந்த மாணவர் பார்க்காமலே திரும்புகிறார்.

பெரிய அளவில் கூடிச் செய்ய முடியும் என்பதற்கு கொரோனா காலம் சாட்சி. 2020 அக்டோபர், நவம்பரில் மாநிலம் முழுக்க 26,000க்கும் மேற்பட்டவர்களிடம் ரத்தம் எடுத்து எதிர்ப்புச் சக்தி பார்த்தார்கள். கிட்டத்தட்ட 32 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது தெரிந்தது. ரத்தம் எடுத்தது துறையின் ஆட்கள், கணக்குப் போடுவதில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூட இருந்தார்கள். நெருக்கடி வந்தபோது முடிந்தது சாதாரண நாளில் ஏன் முடியாது?

---

யாழ்_சுகாதாரன்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். இங்கத்தைய முறை உங்களுக்குப் பயன்படக்கூடும்.

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் குடும்பநல உத்தியோகத்தர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இருப்பார்கள். அந்தக் களுத்துறையிலேயே தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் இருக்கிறது, களப் பணியாளர் பயிற்சி அங்கும் நடக்கிறது. பயிற்சிக்கு ஆளை எடுப்பது சுகாதார அமைச்சு, பயிற்சி முடிந்தால் நியமனம். எத்தனை வெற்றிடம் இருக்கிறதோ அதைப் பார்த்துத்தான் பயிற்சிக்கே எடுப்பது வழக்கம்.

வைத்தியர்களுக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம். சமுதாய மருத்துவத்தில் எம்.எஸ்.சி., பிறகு எம்.டி. படிக்கிறவர்கள் அமைச்சின் ஊழியர்கள், முடித்து அமைச்சின் பதவிக்கே திரும்புகிறார்கள். படிப்பு பல்கலைக்கழகத்துடையது, பதவி அமைச்சினுடையது.

நாங்கள் மலேரியாவை ஒழித்தோம். 2012க்குப் பிறகு மூன்று வருடத்துக்கும் மேல் உள்ளூரில் தொற்றிய நோயாளர் இல்லை, 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. போர் நடந்த வடக்கிலும் அந்தக் களப் பணியாளர்கள் மலேரியா சோதனைக்கு இரத்தப் பூச்சு எடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு கிராமத்துக்கும் பொறுப்பான ஒரு ஆள் இருந்தபடியால்தான் அது முடிந்தது.

இங்கும் சிக்கல் உண்டு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள் நிறையப்பேர் வெளிநாடு போய்விட்டார்கள். சம்பளம் போதாவிட்டால் எந்தப் பயிற்சியும் ஆளைப் பிடித்து வைக்காது.

---

எண்கணக்கு

ஒரு மாற்றுக் கருத்து. கயல், கோபித்துக்கொள்ளாதீர்கள். எம்.பி.எச்.காரர்களுக்கு அரசில் வாசலே இல்லை என்பது முழுச் சரியில்லை. 2004இல் வந்த ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு தொற்றியலாளர் பணியிடம் உண்டு. தேசிய நலவாழ்வுத் திட்டத்திலும் வேலைகள் உண்டு. எம்.பி.எச். முடித்த என் நண்பர்கள் அங்கே இருக்கிறார்கள்.

---

களத்_தொற்றியல்

> மாவட்டத்துக்கு ஒரு தொற்றியலாளர் பணியிடம் உண்டு

உண்டு, ஒப்பந்தப் பணியிடம். பல இடங்களில் பதினொரு மாதம், ஒரு நாள் இடைவெளி, மறுபடி பதினொரு மாதம். ஒரு மாவட்டத்தின் நோய்ப் போக்கைப் புரிந்துகொள்ளவே இரண்டு மழைக்காலம் வேண்டும். எந்த மாதம் டெங்கு ஏறும், எந்த ஊராட்சியில் தொட்டி கழுவ மாட்டார்கள், எந்தத் தனியார் மருத்துவமனை நோயாளி எண்ணிக்கையைத் தராது என்பதெல்லாம் இருந்து பழகினால்தான் தெரியும். அது தெரிந்த நேரத்தில் அவர் வேறு வேலை தேடிப் போயிருப்பார்.

2017 தேசியச் சுகாதாரக் கொள்கையிலேயே எல்லா மாநிலங்களிலும் பொதுச் சுகாதாரப் பணி வரிசை வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். 2022இல் மத்திய அரசு அதற்கு வழிகாட்டுதலும் வெளியிட்டது. சுகாதாரம் மாநிலப் பொருள், மாநிலங்கள்தான் பணியிடத்தை உருவாக்கி நிதி ஒதுக்க வேண்டும். பணியிடத்தை முதலில் உருவாக்குங்கள், அதற்கு வேண்டிய எண்ணிக்கையில் பல்கலைக்கழகம் சேர்க்கட்டும். இப்போது பாடத்திட்டம் முதலில் வந்துவிட்டது, கட்டணமும் வந்துவிட்டது, பணியிடம் மட்டும் வரவில்லை.

---

எண்கணக்கு

சரி, அந்தப் பதினொரு மாத விஷயத்தை நான் யோசிக்கவில்லை. நண்பர்களில் இரண்டு பேர் விட்டுவிட்டுப் போனதும் அதனால்தான். ஏற்றுக்கொள்கிறேன்.

---

ஓய்வுபெற்ற_நகர்நல_அலுவலர்

யாழ் தம்பி சொன்னதில் ஒன்றைத் திரும்பச் சொல்ல ஆசை: வெற்றிடத்தை எண்ணிப் பார்த்துப் பயிற்சிக்கு எடுப்பது. எங்கள் டி.பி.எச்.சும் அப்படித்தான் நடந்தது. கயல் விஷயத்தில் இந்த எண்ணிக்கையை யாருமே போடவில்லை. எத்தனை வட்டாரம் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் தகவலைப் படித்துப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? வட்டார மருத்துவ அலுவலருக்கு ஓ.பி.யும் கூட்டமும் போகத் தகவலைப் பார்க்க நேரமே கிடையாது. அந்த இடத்தில் ஒரு எம்.பி.எச். உட்காரட்டும். இதை நான் பணியில் இருந்தபோதே எழுதிக் கேட்டிருக்க வேண்டும். எழுதவில்லை, இன்றைக்கும் வருத்தம்தான்.

---

வி_எச்_என்_மலர்

கயல், நீ விழுப்புரமா? எங்கள் ஊர் உனக்கு ஒன்றரை மணி நேரப் பஸ். புதன்கிழமை தடுப்பூசி நாள். வா. எக்செல் வேண்டாம், நோட்டுப் புத்தகம் எடுத்து வா. இரண்டாம் தவணை ஏன் சில குழந்தைகளுக்கு விட்டுப்போகிறது என்று எனக்கே தெரியவில்லை. பி.எம்.ஓ. (வட்டார மருத்துவ அலுவலர்) மேடமிடம் நான் கேட்டுச் சம்மதம் வாங்கிவிடுகிறேன்.

---

கயல்_விழுப்புரம்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். மலர் அக்கா ஊருக்கு நான்கு புதன் போனேன்.

அக்காவின் பதிவேட்டில் விட்டுப்போன குழந்தைகள் பதினொன்று. ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்தோம். முதல் வாரம், அம்மாக்கள் ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்று பயப்படுகிறார்கள் என்று எழுதி வைத்தேன், பாடத்தில் அப்படித்தான் இருக்கும். மூன்றாம் வாரம் ஒரு பாட்டி சொன்னார்: "பிள்ளை இங்க இல்ல கண்ணு, தைக்கு அப்புறம் சூளைக்குப் போயிடுச்சு." பதினொன்றில் ஏழு குழந்தைகள் செங்கல் சூளைக்குப் போன குடும்பத்தில். முதல் ஊசி ஊரில், இரண்டாவதுக்கு நாள் வரும்போது பிள்ளை வேறு வட்டாரத்தில். அந்த வட்டாரத்துப் பதிவேட்டில் அந்தக் குழந்தையின் பெயரே இல்லை.

சார்ட் பேப்பரில் வரைந்து கொடுத்தேன். அக்கா அதைப் பழைய தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினார். பி.எம்.ஓ. மேடம் வந்து பார்த்துவிட்டு, சூளை இருக்கும் வட்டாரத்துக்கு அங்கிருந்தபடியே போன் செய்தார்.

சமூகமருத்துவ ஆசிரியை மேடம் தனிச் செய்தியில் பேசினார். அடுத்த பருவத்தில் அவருடைய முதுகலை மாணவர் ஒருவரை இதே ஊருக்கு மூன்று மாதத்துக்கு அனுப்பக் கேட்டிருக்கிறார், முடிவைத் துணை சுகாதார நிலையத்தில் வந்து சொல்வது கட்டாயம் என்று எழுதிக் கொடுத்தே கேட்டிருக்கிறார். எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஐயா சொன்ன வட்டாரப் பணியிடக் கோரிக்கையை மனுவாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். வரைவை இங்கே போடுகிறேன், களத்தொற்றியல் அண்ணா எண்களைச் சரிபார்த்துக் கொடுங்கள்.

---

வி_எச்_என்_மலர்

சூளை முதலாளி சனிக்கிழமை மத்தியானம் வரச் சொல்லியிருக்கிறார், அன்றைக்குக் கூலி கொடுக்கும் நாள், எல்லோரும் இருப்பார்கள். அந்த வட்டாரத்துச் செவிலியரும் ஊசிப் பெட்டியோடு வருகிறார். கயல், ஏழு பேர் பெயரும் பிறந்த தேதியும் எழுதின தாளை மறக்காமல் கொண்டு வா.